மாசிக்காய் மை, ஆட்டுத்தோல், சிவப்புக் குறிகள்: ஒரு கிரேக்க வாசக நூலைச் செய்து பார்த்த பதிவு

லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் ஹார்லி 5598 என்ற எண்ணில் ஒரு கிரேக்கக் கையெழுத்து நூல் இருக்கிறது. கொன்ஸ்தந்தினோஸ் என்ற கிறித்தவக் குரு 995ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் நாள் அதை எழுதி முடித்தார் என்று நூலிலேயே குறிப்பு உண்டு. பைசாந்தியத் திருச்சபையின், அதாவது கிழக்கு ரோமானியப் பேரரசின் கிரேக்கத் திருச்சபையின், வழிபாட்டில் வாசிக்கும் நற்செய்திப் பகுதிகளை, ஆண்டின் நாள் வரிசையில் அடுக்கித் தொகுத்த வாசக நூல் அது. 1670களில் கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) ஆங்கிலேய வணிகர்களுக்குக் குருவாக இருந்த ஜான் கோவெல் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். பிறகு ஹார்லி குடும்பத்தின் சேகரிப்பில் சேர்ந்தது. 1753இல் அந்தச் சேகரிப்பின் கையெழுத்து நூல்கள் நாட்டுடைமையாகி, புதிதாகத் தொடங்கிய பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. 370க்கும் மேற்பட்ட தோல் ஏடுகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 34 செ.மீ. உயரம், 27 செ.மீ. அகலம். பக்கத்துக்கு இரண்டு பத்தி, பத்திக்கு 21 வரி.

இந்த அளவுகளை அப்படியே எடுத்துக்கொண்டு அத்தகைய நூலின் முதல் நான்கு பக்கங்களைத் தோலில் எழுதுவது, அதை முதல் பாரமாக (சேர்த்துத் தைக்கும் மடித்த ஏடுகளின் தொகுதியாக) வைத்து, மீதிக்கு வெற்றுத் தாள் சேர்த்து, பைசாந்திய முறையில் பலகைக் கட்டு போடுவது. இதுதான் வேலை. அச்சு அசலான நகல் எடுப்பது நோக்கமல்ல. தேநீர்த் தண்ணீரில் தாளை நனைத்து ஓரத்தைத் தீயில் காட்டி 'பழைமை' செய்கிற விளையாட்டில் எனக்கு ஆர்வம் கிடையாது; அன்று புதிதாகக் கையில் கிடைத்த நூல் வெள்ளையாகத்தான் இருந்திருக்கும். எனக்குத் தெரிய வேண்டியது வேறு. கணினித் திரையில் எல்லா நூலும் ஒரே அளவாகத் தெரிகிறது. இது ஏன் இவ்வளவு பெரியது, எழுத்து ஏன் இவ்வளவு தடிப்பு, வரிக்கு வரி ஏன் இத்தனை இடைவெளி என்ற கேள்விகளுக்குக் கையால் செய்து பார்த்தால்தான் பதில் வரும் என்று தோன்றியது. வந்தது. எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில்: இதை ஒருவர் நின்றுகொண்டு, உரக்க, பலருக்குக் கேட்கும்படி வாசிக்க வேண்டும்.

முதலில் உள்ளடக்கம். நாம் அறிந்த வரிசைப்படி மத்தேயுவில் தொடங்கி யோவானில் முடிகிற நூல் அல்ல இது. ஈஸ்டர் ஞாயிறன்று யோவானின் முதல் அதிகாரத்தோடு தொடங்குகிறது; ஐம்பதாம் நாளான பெந்தெகொஸ்தே வரை பெரும்பாலும் யோவான்; அதன்பின் மத்தேயு; செப்டம்பர் 14 சிலுவைத் திருநாளுக்குப் பிறகு லூக்கா; தவக்காலத்துச் சனி, ஞாயிறுகளில் மாற்கு; கடைசியில் பாடுகளின் வாரம். பெரிய வியாழன் இரவில் மட்டும் 12 நற்செய்திப் பகுதிகள் வாசிப்பார்கள். இது முதல் பாதி. இரண்டாம் பாதி, தேதி மாறாத திருநாள்களுக்கானது. அது பைசாந்தியப் புத்தாண்டான செப்டம்பர் 1இல் தொடங்கும். முதல் பாதியில் ஏற்கெனவே எழுதிய பகுதி இரண்டாம் பாதியில் மறுபடி தேவைப்பட்டால், திரும்ப எழுதாமல் 'இன்ன ஞாயிற்றுக்கிழமையில் பார்' என்று குறிப்பு மட்டும் போட்டிருப்பார்கள். ஒரு பக்கத்துக்கு எவ்வளவு தோல் போகிறது என்று தெரிந்த பிறகு அந்தச் சிக்கனத்தின் மேல் எனக்கு மரியாதை கூடியது.

ஆக, என் நான்கு பக்கங்களில் வர வேண்டியது ஈஸ்டர் ஞாயிற்றுக்கான யோவான் 1:1 முதல் 17 வரை. இடம் மிஞ்சினால் மறுநாள் திங்கட்கிழமைக்கான பகுதி, அதாவது 18ஆம் வசனம் முதல். 'ஆதியிலே வார்த்தை இருந்தது' என்று நமக்குத் தெரிந்த அதே இடம்.

தோலுக்கு வருவோம். எழுதும் தோல் பதனிட்ட தோல் அல்ல. சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் நீக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டி, இழுத்த நிலையிலேயே காயவிட்டுச் சுரண்டியது. விறைப்பாக இழுபட்டபடி காய்வதால் தோலின் நார்கள் ஒரே தளத்தில் படிந்துவிடுகின்றன. அந்த வெண்மையும் விறைப்பும் அப்படி வருபவை. பட்டை, கடுக்காய் என்று எதுவும் இதில் சேராது.

இறைச்சிக் கடையில் அன்று உரித்த வெள்ளாட்டுத் தோலாகக் கேட்டு வாங்கினேன். செம்மறித் தோலில் கொழுப்பு அதிகம். எழுதும்போது மை ஒட்டாது என்று படித்திருந்தேன். கத்திக் கீறல் இல்லாத தோல் கிடைப்பதுதான் பெரும்பாடு. உரிக்கும்போது விழுந்த கண்ணுக்குத் தெரியாத கீறல், சட்டத்தில் இழுக்கும்போது நீள்வட்ட ஓட்டையாக வாய் திறக்கும். பழைய கையெழுத்து நூல்களில் எழுத்து ஓர் ஓட்டையைச் சுற்றிக்கொண்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அவை இப்படி விழுந்தவை. என் தோலிலும் கீழ் ஓரத்தில் ஒன்று திறந்தது. எழுதும் பரப்புக்கு வெளியே என்பதால் விட்டுவிட்டேன்.

நீற்றிய சுண்ணாம்புத் தண்ணீரில் ஒரு வாரத்துக்கு மேல் ஊற வேண்டும். தினமும் கழியால் புரட்டிவிட வேண்டும். கையுறை இல்லாமல் தொடக் கூடாது. மயிர் கையோடு வரத் தொடங்கியதும் எடுத்து, உருண்டைக் கழியின் மேல் போட்டு மயிரையும் மறுபுறத்துச் சதையையும் வழித்து, நல்ல தண்ணீரில் அலசி, மரச் சட்டத்தில் ஏற்றினேன். தோலின் ஓரத்தில் ஆணி அடித்தால் காயும்போது கிழித்துக்கொண்டு போகும். கூழாங்கல்லைத் தோலின் ஓரத்தில் வைத்துச் சுருட்டி, அந்த முடிச்சின் கழுத்தில் கயிறு கட்டி, கயிற்றைச் சட்டத்திலுள்ள முளையில் சுற்ற வேண்டும். முளையைத் திருகினால் தோல் இறுகும். சுரண்டுவதற்குப் பிறை வடிவக் கத்தி வேண்டும். முனை இருந்தால் தோலில் குத்திவிடும் என்பதால் பிறை வடிவம். பழைய ரம்பத் தகட்டைக் கொடுத்து ஒரு கொல்லரிடம் வளைத்து வாங்கினேன். வாடை பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். மொட்டை மாடி இல்லாதவர்கள் இந்தக் கட்டத்தைத் தவிர்த்து, மேளம் கட்டுபவர்களிடம் காய்ந்த ஆட்டுத்தோல் வாங்கி மெலிதாக்கப் பார்க்கலாம். அது தடிப்பாக இருக்கும், சுரண்டும் வேலை இரண்டு மடங்கு.

54க்கு 34 செ.மீ. அளவில் ஒரு மடிப்பும் கொஞ்சம் துண்டுகளும் அந்த ஆட்டில் தேறின. மடித்தால் இரண்டு ஏடு. கொன்ஸ்தந்தினோஸின் நூலுக்கு இதே கணக்கைப் போட்டால் 185 மடிப்புக்கு மேல். பெரிய ஆட்டில் இரண்டு மடிப்பு வெட்டினாலும் நூறு ஆட்டை ஒட்டி ஆகிறது. மந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசித்திருக்கிறார்கள்.

தோலுக்கு மயிர்ப்புறம், சதைப்புறம் என்று இரண்டு முகம். மயிர்ப்புறம் சற்று மஞ்சள், மயிர்க்கால் புள்ளிகள் தெரியும், சதைப்புறம் வெளுப்பு. பாரம் சேர்க்கும்போது மயிர்ப்புறத்துக்கு எதிரே மயிர்ப்புறம், சதைப்புறத்துக்கு எதிரே சதைப்புறம் வருமாறு அடுக்குவார்கள். நூலை எங்கே விரித்தாலும் இரண்டு பக்கமும் ஒரே நிறமாகத் தெரியும். கிரேக்க நூல்களில் பாரத்தின் வெளிமுகம் சதைப்புறமாக இருப்பது வழக்கம். 1885இல் இதை எடுத்துக் காட்டியவர் காஸ்பர் ரெனே கிரெகரி. கிரேக்க வாசக நூல்களுக்கு இன்று நாம் பயன்படுத்தும் எண் வரிசையை அமைத்தவரும் அவரே. நம் அச்சகங்களில் 16 பக்கத்தை ஒரு பாரம் என்கிறோம். பைசாந்தியத்திலும் நான்கு மடிப்பு, எட்டு ஏடு, 16 பக்கம்தான் வழக்கமான பாரம். எனக்கு இருந்தது ஒரு மடிப்புதான். சதைப்புறத்தை வெளியே வைத்தேன்; ஆகவே முதல் பக்கமும் நான்காம் பக்கமும் சதைப்புறம், நடுவில் விரியும் இரண்டும் மயிர்ப்புறம்.

இந்தச் சதைப்புறத்தில் ஒரு சிக்கல் காத்திருந்தது. பைசாந்தியத் தோல் ஏடுகளில் மேற்பரப்பு வழுவழுவென்று மின்னும்; முட்டை வெள்ளைக்கரு போன்ற பூச்சுகள் பூசியிருக்கிறார்கள். படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால், பல நூல்களில் ஒரு பக்கத்தில் மை முழுதாக இருக்க, புரட்டினால் மறுபக்கத்தில் செதில் செதிலாக உதிர்ந்திருக்கும். உதிர்வது பெரும்பாலும் சதைப்புறம். மயிர்ப்புறத்தில் மை உள்ளே இறங்கப் பிடிமானம் இருக்கிறது. சதைப்புறத்தில், அதுவும் பூச்சின் மேல், படலமாக நின்றுவிடுகிறது. மிஞ்சிய துண்டுகளில் சோதித்தேன். வெள்ளைக்கரு பூசிய துண்டு அழகாகப் பளபளத்தது. எழுத்தின் விளிம்பு கத்தியால் வெட்டியது போல் கூர்மையாக விழுந்தது. காய்ந்தபின் துண்டை வளைத்தபோது இரண்டு எழுத்தின் மூலைகள் பெயர்ந்தன. பூச்சில்லாமல் நுரைக்கல்லால் தேய்த்துச் சீமைச் சுண்ணாம்புத் தூள் போட்டுத் துடைத்த துண்டில் விளிம்பு சற்று மங்கல், ஆனால் மை அசையவில்லை. அழகா, ஆயுளா என்றால் நான் ஆயுள் கட்சி. பூச்சைக் கைவிட்டேன். கான்ஸ்டான்டிநோபிளின் எழுத்தர்கள் பலர் மறு கட்சியில் இருந்திருக்கிறார்கள். விளக்கொளியில் பக்கம் மின்னுவது அவர்களுக்குத் தேவைப்பட்டிருக்கும்.

மைக்கு நாட்டு மருந்துக் கடைக்குப் போனால் போதும் என்பதுதான் இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்த செய்தி. மாசிக்காய், அன்னபேதி, கருவேலம் பிசின் என்று மூன்றையும் ஒரே காகிதப் பையில் கட்டிக் கொடுத்தார்கள். குழந்தைக்கு உரைமருந்தில் இழைக்கிற அதே மாசிக்காய்தான், இடைக்கால எழுத்தர்களின் மைக்கும் மூலம். அது காய் அல்ல; ஒருவகைக் குளவி முட்டையிட்ட இடத்தில் ஓக் மரத்தின் கிளையில் புடைத்து வளரும் கரணை. அந்த மரம் வளர்வது துருக்கி, கிரேக்கம், சிரியா பக்கம். எனவே நம் கடைக்கு வருவதும் ஏறத்தாழ அதே நிலத்துச் சரக்கு.

60 கிராம் மாசிக்காயை ஒன்றிரண்டாக இடித்து அரை லிட்டர் மழைநீரில் சில நாள் ஊறவைத்தேன். குளவி வெளியேறிய துளை இல்லாத, கனமான, கருநீலக் காய்களாகப் பொறுக்க வேண்டும். துளை விழுந்தவற்றில் துவர்ப்புச் சத்து குறைவு. ஊறிய நீரை வடிகட்டி, அதில் 30 கிராம் அன்னபேதியைப் போட்டதும் பழுப்பு நீர் கண்ணெதிரே கறுத்துப் போகும். அன்னபேதி இரும்பு சல்பேட். பச்சைப் படிகமாகப் பார்த்து வாங்குங்கள். கடை டப்பாவில் கிடந்து மேலே துருநிறம் ஏறியது சரிவராது. கடைசியாக 20 கிராம் கருவேலம் பிசினைக் கரைத்துச் சேர்க்க வேண்டும். பிசின் இல்லையென்றால் மை பேனாவில் நிற்காமல் ஓடும். இரும்பை அளவுக்கு மீறிப் போட்டால் நல்ல கறுப்பு வரும். ஆனால் மிஞ்சிய இரும்பும் அமிலமும் பிற்காலத்தில் தாளை அரிக்கும். தோல் அதைவிடத் தாங்கும் என்றாலும் அளவு மீறாமல் இருப்பது நல்லது. எழுதும்போது வெளிர் சாம்பல் நிறத்தில் விழும் கோடு காற்றுப்பட்டு மெல்லக் கறுக்கும்.

பேனா நாணல். மேற்கு ஐரோப்பிய மடங்களில் இறகுப் பேனா ஆண்டது. கிரேக்க எழுத்தர்கள் நாணலை விடவில்லை. உருது எழுத்தணிக்காரர்கள் பயன்படுத்தும் நாணல் பேனாவே வாங்கி, முனையை 2 மி.மீ. அகலத்துக்கு நேராகச் சீவிக்கொண்டேன்.

இனி, கோடு போடுவது. மை கொண்டோ பென்சில் கொண்டோ அல்ல. ஓரங்களில் ஊசியால் துளையிட்டு, துளைக்குத் துளை அளவுகோல் வைத்து, மழுங்கிய முனையால் அழுத்திக் கீற வேண்டும். மயிர்ப்புறத்தில் கீறினால் அங்கே பள்ளமும் மறுபுறம் மேடும் விழுந்து, ஒரே கீறல் இரண்டு பக்கத்துக்கும் கோடாகிவிடும். என் பாட்டனார் காலத்து எழுத்தாணி ஒன்று வீட்டில் இருந்தது. ஓலை கீறிக் கூர் போனது. இந்த வேலைக்குக் கூர் போனதுதான் வேண்டும்.

21 வரி, வரிக்கு வரி 11 மி.மீ.; பத்தி அகலம் 7.5 செ.மீ. எழுத்தின் உயரம் 5 மி.மீ. வைத்தேன். ஒரு வரியில் பத்து முதல் பன்னிரண்டு எழுத்துதான் கொள்ளும். முதலில் இது வீண் செலவாகத்தான் பட்டது: பக்கத்துக்கு ஐந்நூறு எழுத்துகூட வராது. எழுதியபின் சாய்மேசையில் வைத்து, எண்ணெய் விளக்கொளியில், கை நீட்டும் தூரத்துக்கு அப்பால் நின்று பார்த்தபோது கணக்குப் புரிந்தது. இந்த அளவில் எழுத்து தயக்கமில்லாமல் தெரிகிறது. 3 மி.மீ. உயரத்தில் எழுதிய சோதனைத் துண்டு அதே ஒளியில் அதே தூரத்தில் தடுமாறவைத்தது. குறுகிய பத்தியும் அப்படித்தான். பார்வை வலமாக நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. வாசிப்பவர் தலையை நிமிர்த்திச் சபையைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தாலும் விட்ட வரி உடனே அகப்படும்.

எழுத்து வடிவத்துக்கும் இதே காரணம். பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் கிரேக்க எழுத்தர்கள் மற்ற நூல்களையெல்லாம் சிற்றெழுத்தில், எழுத்தோடு எழுத்து சேர்த்து, விரைவாக எழுதத் தொடங்கி நூறாண்டுக்கு மேலாகிவிட்டது. வாசக நூல்களில் மட்டும் பழைய பேரெழுத்து தொடர்ந்தது. ஹார்லி 5598 பேரெழுத்து நூல்தான். தனித்தனியாக நிற்கும் பெரிய எழுத்துகளைச் சாய்மேசையிலிருந்து வாசிப்பது எளிது. எனக்கும் அது நல்லதாயிற்று. சிற்றெழுத்தின் இணைப்புகளைக் கற்க ஆண்டுகள் ஆகும். பேரெழுத்தில் கிடைக்கோடு மெல்லியது, செங்குத்துக்கோடு தடித்தது. பேனாவைத் திருப்பாமல் ஒரே கோணத்தில் பிடித்தால் தானாக வரும். ஓ, தீட்டா, சிக்மா மூன்றும் ஒரே வட்டத்தின் வகைகள். அந்த வட்டத்தை இரண்டு வீச்சில் போடப் பழகினால் பாதி எழுத்து கைவசம்.

சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. நம் ஓலைச்சுவடிகளும் அப்படித்தான். போதாக்குறைக்கு மெய்யெழுத்துக்குப் புள்ளியும் வைக்காமல் விட்டார்கள். சுவடி படித்துப் பழகியவர்களுக்குக் கிரேக்கப் பக்கம் அவ்வளவாக மிரட்சி தராது. இங்கே அழுத்தக் குறிகளும் மூச்சுக் குறிகளும் உதவிக்கு இருக்கின்றன. கடவுள், ஆண்டவர், இயேசு, மனிதன் போன்ற சில சொற்களை முதலெழுத்தும் கடைசி எழுத்தும் மட்டுமாகவோ இன்னும் ஓரெழுத்து சேர்த்தோ சுருக்கி, மேலே ஒரு கோடு இழுப்பார்கள். யோவானின் தொடக்கத்தில் 'தெயோஸ்' (கடவுள்) அடுத்தடுத்து வருவதால் இந்தச் சுருக்கத்தால் எனக்கு இரண்டு வரி மிச்சம்.

வரி இடைவெளி ஏன் 11 மி.மீ. என்பது சிவப்புக் குறிகளைப் போடும்போதுதான் விளங்கியது. இந்த நூல்களின் உயிர்நாடி அவை. பைசாந்தியத்தில் நற்செய்தியை வெறுமனே படிக்கவில்லை. ஒருவகை இராகத்தில் ஓதினார்கள். தொடரின் தலையிலும் முடிவிலும், வரிக்கு மேலோ கீழோ, சிவப்பு மையில் சிறு கொக்கிகளும் சாய்கோடுகளும் அலைகளும் இருக்கும். ஒக்ஸீயா, வரீயா, கதிஸ்தி, சிர்மாதிகி, கிரெமஸ்தி என்று பெயர்கள். பகுதி முடியும் இடத்தில் சிலுவை வடிவில் தெலீயா. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு குறி என்றில்லை. ஒரு தொடரை எப்படி எடுக்க வேண்டும், எப்படி இறக்க வேண்டும் என்று இரண்டு முனையிலும் காட்டும். கார்ஸ்டன் ஹோக் என்ற டேனிஷ் அறிஞர் 1935இல் இவற்றை முறையாக ஆராய்ந்து வெளியிட்டார். 15ஆம் நூற்றாண்டுக்குள் இந்தக் குறிகள் வழக்கொழிந்துவிட்டதால், ஒவ்வொன்றின் இராகம் இன்னதென்று இன்று துல்லியமாக மீட்க முடியாது.

எழுத்து, அதன் மேல் அழுத்தக் குறி, அதற்கும் மேலே சிவப்புக் குறி. வரிக்குக் கீழே தொங்கும் குறி ஒன்று, அடுத்த வரியின் மேற்குறி ஒன்று. இத்தனையும் மோதாமல் இருக்க 5 மி.மீ. எழுத்துக்கு 11 மி.மீ. இடைவெளி தாராளமே அல்ல. நெருக்கமாக இரண்டு குறிகள் சந்திக்கும் வரிகளில் ஒரு மி.மீ. கூட இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

சிவப்புக்குச் சாதிலிங்கம். இதுவும் நாட்டு மருந்துச் சரக்கு. பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது. உலர்வாக அரைக்கவே கூடாது. முகமூடி, கையுறை, சமையலறைக்குச் சம்பந்தமில்லாத கல்வம். தண்ணீர் விட்டு நெடுநேரம் அரைத்து, தெளிய வைத்து, அடித்து வடித்த வெள்ளைக்கருவோடு குழைத்தேன். பாதரசத்தோடு பழக விருப்பமில்லாதவர்கள் ஓவியக் கடைச் சிவப்பு நிறமியைப் பயன்படுத்தலாம். குறை ஒன்றும் இல்லை. மெல்லிய தனிப் பேனா வேண்டும். முதலில் நான்கு பக்கமும் கறுப்பில் எழுதி முடித்துவிட்டு, பிறகு சிவப்போடு மறுபடி முதலிலிருந்து போக வேண்டும். அப்படிப் போகும்போது வாயும் தானாக அசைகிறது. கறுப்பு மையில் எழுதும்போது எழுத்தெழுத்தாகத்தான் கண்ணுக்குத் தெரிந்தது. சிவப்பு போடும்போதுதான் தொடர் தொடராகப் பிரிந்து வாக்கியமாயிற்று.

முதல் பக்கத்தின் மேல்பகுதியில் வாயில்போல் ஒரு சதுர அலங்காரம், அதன்கீழே பெரிய முதலெழுத்து. ஈஸ்டர் பகுதி எப்சிலானில் தொடங்குகிறது. தஞ்சாவூர் ஓவியத்துக்கு ஒட்டும் தங்க ரேக்கு தடிமனானது. புத்தக வேலைக்கு அதைவிட மெல்லியது தேவை. மெல்லிய ரேக்கைத் தேனோடு கல்வத்தில் அரைத்து, கழுவி, பிசின் நீரில் கலந்தேன். சிவப்பு அடித்தளத்தின் மேல் தங்கம் வைத்தால் ஏறி நிற்கிறது. அலங்காரத்தை எளிமையாகவே முடித்தேன். பூங்கொடி வரைவதில் எனக்குத் திறமை போதாது, பொறுமை அதைவிடப் போதாது. அலங்காரம் முதல் பக்கத்தில் பாதியைத் தின்றதால் ஈஸ்டர் பகுதி மூன்றாம் பக்கத்தின் இறுதியை ஒட்டி முடிந்தது. நான்காம் பக்கம் திங்கட்கிழமை.

கட்டுக்கு வருவோம். நம் பைண்டர்களின் முறைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு, முதுகில் நாடாவோ கயிறோ கிடையாது. பாரத்தின் முதுகில் நான்கு இடங்களில் ஆங்கில 'வி' வடிவில் வெட்டி, அந்த வெட்டுக்குள்ளேயே ஊசி முந்தைய பாரத்தின் தையலைக் கோத்துக்கொண்டு சங்கிலியாக ஏறும். சங்கிலி வெட்டுக்குள் அமிழ்ந்துவிடுவதால் முதுகு வழவழப்பாக வரும். தேன்மெழுகு ஏற்றிய லினன் நூல் பயன்படுத்தினேன். இந்தத் தையலின் பயன், புத்தகம் நன்றாக மல்லாந்து விரியும். சாய்மேசையில் வைத்தால் பக்கத்தைக் கையால் அழுத்திப் பிடிக்க வேண்டாம்.

பலகை மாமரம், 12 மி.மீ. தடிப்பு. பைசாந்தியப் பலகையின் மூன்று வெளி விளிம்பிலும் நீள வாக்கில் ஒரு பள்ளக் கோடு ஓடும். சிற்றுளியால் அதை எடுக்க ஒரு தச்சரின் உதவி தேவைப்பட்டது. எதற்காக அந்தப் பள்ளம் என்று அவர் கேட்டார். எல்லா நூலிலும் இருக்கிறது என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. அவருக்கு அது போதவில்லை. பலகை தாளைவிட வெளியே நீட்டாது. தாளும் பலகையும் ஒரே மட்டம். பலகையில் துளையிட்டு, தையல் நூலை உள்ளும் புறமுமாக ஓட்டி, தையலை அந்த ஓட்டத்திலேயே தொடங்க வேண்டும். முதுகுக்குத் துணி ஒட்டி அதன் ஓரங்களைப் பலகையின் மேல் மடித்துவிட்டேன். மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடும் வழக்கம் நம்மிடம் உண்டு; தாமிரம் பிற்காலத்தில் தாளுக்கு ஆகாது, நான் போடவில்லை.

முதுகின் தலையிலும் காலிலும் தையல் பட்டி. இது பலகையின் விளிம்பு மேலும் ஏறி, நூலின் மட்டத்துக்கு மேலே புடைத்து நிற்கும். எனவே நூலை நம் அலமாரியில் போல் நிமிர்த்தி வைக்க முடியாது. வைத்தால் முழு எடையும் பட்டியில் இறங்கும். இந்த நூல்களைப் படுக்கையாகத்தான் வைத்தார்கள்.

மேலே போர்த்த ஆவாரம்பட்டையில் பதனிட்ட ஆட்டுத்தோல். ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் இன்று பெரும்பாலும் குரோமியத்தில் பதனிடுகிறார்கள். அந்தத் தோலில் சூடான முத்திரை பதியாது. பட்டைத் தோலை விசாரித்துத் தேடி வாங்குங்கள். நனைத்துப் போர்த்தி, சற்று ஈரம் இருக்கும்போதே பித்தளை முத்திரைகளைச் சூடுகாட்டி அழுத்தினேன். நிறம், தங்கம் எதுவும் வேண்டாம். பேராலயங்களின் நூல்களுக்கு வெள்ளித் தகடு போர்த்தி, ஒருபுறம் சிலுவையேற்றமும் மறுபுறம் உயிர்ப்பும் புடைப்பாகச் செதுக்குவார்கள். வாசிக்காத நேரத்தில் நூல் பலிபீடத்தின் மேல் இருக்கும். வழிபாட்டில் தியாக்கோன் (குருவுக்கு உதவும் திருப்பணியாளர்) அதைத் தூக்கிக்கொண்டு பவனியாக வந்து, உயர்த்திப் பிடித்து, 'ஞானம்! நிமிர்ந்து நில்லுங்கள்' என்று அறிவிப்பார். வாசிக்கப்படும் முன்பே பார்க்கப்படுகிற நூல். என் மாதிரியில் தகடு இல்லாமலேயே கை சோர்ந்தது.

கடைசி வேலை கொளுவி. ஒரு பலகையில் பின்னிய தோல் வார், அதன் நுனியில் பித்தளை வளையம். எதிர்ப்பலகையின் விளிம்பில் முளை. இது அலங்காரம் என்று எண்ணியிருந்தேன். மழைக்காலம் தொடங்கியதும் தெரிந்தது. எங்கள் கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் தோல் ஏடு தன் பழைய ஆட்டு வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. ஓரங்கள் நெளிந்து எழும்புகின்றன. கொளுவியைப் போட்டு இறுக்கி ஒரு வாரம் வைத்தால் மறுபடி படிகிறது. முழு நூலும் தோல் என்றால் இந்த விசை சிறிதாக இராது, 12 மி.மீ. பலகைக்கு அதுவும் ஒரு காரணம். வாரின் நீளத்தை வெயில் காலத்தில் அளந்து வெட்டாதீர்கள். மழைக்காலத்தில் நூல் உப்பியிருக்கும்போது அளந்து, வளையம் முளையில் சற்றே சிரமப்பட்டு ஏறும்படி வையுங்கள்.

அடுத்த மடிப்புக்குத் தோல் ஊறிக்கொண்டிருக்கிறது. அதில் செவ்வாய்க்கிழமைக்கான பகுதி வரும்: பேதுரு எழுந்து கல்லறைக்கு ஓடுவதும், எம்மாவூர் வழியும். லூக்கா 24ஆம் அதிகாரம். 'தோ கெரோ எகீனோ', அதாவது 'அக்காலத்தில்' என்று தொடங்குகிறது. வாசக நூலில் இந்தத் தொடக்கம் திரும்பத் திரும்ப வருவதால், பெரிய முதலெழுத்துகளில் மிகப் பல 'டவ்' எழுத்தாகவே இருக்கும். 'சொன்னார்' என்று தொடங்கும் பகுதிகளால் எப்சிலான் அதற்கு ஈடு கொடுக்கும். இந்த இரண்டு எழுத்தை நன்றாகப் போடப் பழகிவிட்டால் ஆண்டு முழுவதையும் ஒப்பேற்றிவிடலாம். டவ்வின் தண்டில் கொடி சுற்றுவதா, வெறும் தங்கக் கோடா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.